கறுப்புத் திரையும் பட்டியல்ல விட்டுப்போன பேஷண்டும்

மக்களே, இன்னைக்கு மருந்து மாத்திரை பத்தி இல்ல. கம்ப்யூட்டர்ல 'டெர்மினல்'னு ஒரு கறுப்புத் திரை இருக்கே, சினிமாவுல ஹேக்கர் பச்சை எழுத்துல படபடன்னு தட்டுவாரே, அதைப் பத்தி. டாக்டருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு. கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

முதல்ல 2020-ல இங்கிலாந்துல நடந்த ஒரு விஷயம். கொரோனா மறுபடி ஏறிக்கிட்டு இருந்த நேரம். லேப்கள் ரிசல்ட்டை சாதாரண சிஎஸ்வி ஃபைலா அனுப்பினாங்க. அதை 'பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து' எக்செல்லுக்குள்ள இழுத்தாங்க. அதுவும் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம். அந்த வடிவத்துல ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிதான் கொள்ளும். ஒரு நோயாளிக்கே பல வரி வேணும்கிறதால, ஒரு ஷீட்ல 1,400 பேர் அளவுக்குத்தான் இடம். அதுக்கு மேல வந்ததெல்லாம் சத்தமே இல்லாம வெட்டுப்பட்டுப் போச்சு. செப்டம்பர் 25-லிருந்து அக்டோபர் 2 வரைக்கும் 15,841 பாசிட்டிவ் கேஸ் கணக்குல ஏறவே இல்ல. அந்த நோயாளிகளுக்கு ரிசல்ட் போயிடுச்சு. ஆனா அவங்க கூட இருந்தவங்களைத் தேடிப்பிடிச்சு தனிமைப்படுத்துற வேலை நாள்கணக்குல தாமதமாச்சு. கொரோனாவுல ஒரு நாள் தாமதம்னா என்னன்னு உங்களுக்கே தெரியும்.

இதைத் தடுக்க பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். உள்ள வந்தது எத்தனை வரி, வெளிய போனது எத்தனை வரின்னு எண்ணிப் பார்த்திருந்தா போதும். ஆபரேஷன் தியேட்டர்ல வயித்தைத் தைக்கறதுக்கு முன்னாடி சிஸ்டர் மாப் எண்ணுவாங்க. உள்ள வெச்சது பத்துன்னா வெளிய வந்ததும் பத்தா இருக்கணும். ஒன்பதுதான் வந்துச்சுன்னா எவ்வளவு பெரிய சர்ஜனா இருந்தாலும் தைக்க விடமாட்டாங்க. டெர்மினல்ல அந்த சிஸ்டரோட பேரு 'டபிள்யூசி'. வேர்ட் கவுண்ட்டோட சுருக்கம். டபிள்யூசி, இடைவெளி, மைனஸ் எல், இடைவெளி, ஃபைல் பேரு. என்டர் தட்டுங்க. எத்தனை வரின்னு வந்துடும். பல லட்சம் வரி இருந்தாலும் கண்மூடித் திறக்கறதுக்குள்ள. (தலைப்பு வரியும் இதுல சேரும், ஒண்ணு கழிச்சுக்கணும். ஒரு கட்டத்துக்குள்ளயே யாராவது என்டர் தட்டி வெச்சிருந்தா அதையும் வரியாத்தான் எண்ணும்.)

மேல போறதுக்கு முன்னாடி ஒண்ணு. கட்டளைகளைத் தமிழ்லயே எழுதறேன், நீங்க தட்டும்போது இங்கிலீஷ் எழுத்துல, எல்லாம் சின்ன எழுத்துல தட்டணும். போன்ல நர்ஸுக்கு மருந்து பேரு சொல்ற மாதிரி, குழப்பமான இடத்துல மட்டும் எழுத்து எழுத்தா சொல்லிடறேன். மேக் வெச்சிருக்கவங்களுக்கு 'டெர்மினல்' உள்ளேயே இருக்கு. லினக்ஸ்காரங்களுக்கு நான் சொல்லித்தர ஒண்ணும் இல்ல. விண்டோஸ்காரங்க பவர்ஷெல்லைத் திறந்து 'டபிள்யூஎஸ்எல்', இடைவெளி, ரெண்டு மைனஸ், 'இன்ஸ்டால்'னு தட்டுங்க. விண்டோஸுக்குள்ளயே ஒரு லினக்ஸ் வந்து உட்காரும்.

எக்செல் மேல எனக்குக் கோபம் எல்லாம் இல்ல. தினமும் பயன்படுத்தறேன். ஆனா அது ரொம்பப் புத்திசாலித்தனம் காட்டும். வயசு '6-12' மாசம்னு போட்டீங்கன்னா அது ஒரு தேதியா மாறிடும். டைட்டர் '1:20'னு போட்டா ஒரு மணி இருபது நிமிஷம்னு எடுத்துக்கும். ஓபி நம்பர் '00457'ல முன்னாடி இருக்க ரெண்டு பூஜ்யத்தையும் தின்னுடும். இது நம்மூர் பிரச்சினை மட்டும் இல்ல. மார்ச்1, செப்ட்1னு மனித ஜீன்களுக்குப் பேரு இருந்துச்சு. எக்செல் அதையெல்லாம் மார்ச் மாசம், செப்டம்பர் மாசம்னு மாத்திக்கிட்டே இருந்தது. 2016-ல ஆராய்ச்சிக் கட்டுரைகளைச் சலிச்சுப் பார்த்தாங்க. எக்செல்ல ஜீன் பட்டியல் இணைச்சிருந்த கட்டுரைகள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒண்ணுல இந்தத் தப்பு. கடைசியில 2020-ல ஜீனோட பேரையே மாத்திட்டாங்க! மார்ச்எஃப்1, செப்டின்1. சாஃப்ட்வேருக்குப் பயந்து உயிரியல் பேரு மாத்திக்கிச்சு.

டெர்மினல் கருவிகளுக்கு இந்த அதிபுத்திசாலித்தனம் கிடையாது. எழுத்தை எழுத்தாத்தான் பார்க்கும். '6-12' கடைசி வரைக்கும் '6-12'தான். ஒரு ஃபைல் வந்தா எக்செல்ல திறக்கறதுக்கு முன்னாடி 'ஹெட்' போட்டு முதல் பத்து வரியைப் பாருங்க, 'டெயில்' போட்டு கடைசி பத்து வரியைப் பாருங்க. முழுசா புரட்டணும்னா 'லெஸ்'. வெளிய வர 'க்யூ'வை அழுத்துங்க. மூணுமே படிக்க மட்டும்தான் செய்யும், ஃபைல்ல ஒரு புள்ளியைக்கூட மாத்தாது.

அடுத்தது, நான் அதிகமா பயன்படுத்தற கூட்டணி. காய்ச்சல் பட்டியல் ஒண்ணு இருக்கு, மூணாவது கட்டத்துல ஊர் பேரு. எந்த ஊர்ல எத்தனை பேர்? 'கட்', மைனஸ் டி காற்புள்ளி, மைனஸ் எஃப் 3, ஃபைல் பேரு. இது மூணாவது கட்டத்தை மட்டும் வெட்டி எடுக்கும். அப்புறம் ஒரு நின்ன கோடு, கீபோர்டுல என்டருக்கு மேல இருக்குமே, அது. அப்புறம் 'சார்ட்'. மறுபடி கோடு. 'யூனிக்', மைனஸ் சி. இதுல யு-என்-ஐ-க்யூ நாலு எழுத்துதான். மறுபடி கோடு. 'சார்ட்', மைனஸ் என்ஆர். அவ்வளவுதான். எந்த ஊர்ல அதிகமோ அது மேல வரும்படி எண்ணிக்கையோட பட்டியல் வந்துடும்.

அந்த நின்ன கோட்டுக்குப் பேரு 'பைப்'. ஒரு கட்டளையோட வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு உள்ளீடா விடற குழாய். பெல் லேப்ஸ்ல இருந்த டக் மெக்கில்ராய் 1964-லயே, தோட்டத்து ஹோஸ் பைப்பை ஒண்ணோட ஒண்ணு திருகி மாட்டற மாதிரி புரோகிராம்களையும் மாட்ட முடியணும்னு எழுதி வெச்சார். 1973-ல கென் தாம்சன் அதை யூனிக்ஸுக்குள்ள கொண்டு வந்தார். எனக்கு என்னமோ ஹோஸ் பைப்பை விட ஐவி செட்டுதான் ஞாபகத்துக்கு வரும். பாட்டில், டிரிப் சேம்பர், த்ரீவே, கேனுலா. ஒவ்வொண்ணும் ஒரே ஒரு வேலையைத்தான் செய்யுது, சேர்த்து மாட்டினா மருந்து ரத்தத்துக்குப் போயிடுது.

ரெண்டு எச்சரிக்கை. 'யூனிக்' பக்கத்துப் பக்கத்து வரியை மட்டும்தான் ஒப்பிடும். அதனால முன்னாடி 'சார்ட்' போடாம விட்டா கணக்குத் தப்பும், தப்புன்னு அது சொல்லவும் செய்யாது. ரெண்டாவது, 'கட்' ரொம்ப வெகுளி. முகவரிக்குள்ள காற்புள்ளி இருந்தா அதையும் கட்டத்தோட எல்லைன்னு நினைச்சுக்கும். அந்த மாதிரி ஃபைலை டேப் பிரிச்ச வடிவத்துல வாங்கிக்கறது நல்லது.

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்த இழையே இதுக்காகத்தான்.

காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாசம். ரெண்டு மாசத்துல இருமல் நின்னுடும், பசி எடுக்கும், எடை ஏறும். 'சரியாயிடுச்சு'ன்னு நினைச்சு மாத்திரையை நிறுத்திடுவாங்க. அங்கதான் ஆபத்து. நோய் திரும்ப வரும், மருந்துக்கு அடங்காத வடிவத்துலயும் வரலாம், வீட்டுல இருக்க குழந்தைக்கும் பரவும். சர்க்கரை, பிரஷர், வலிப்பு எல்லாத்துலயும் இதே கதைதான். ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களை நாம பார்க்கறோம். வராதவங்களை யார் பார்க்கறது? வராதவங்க யாருன்னு தெரிஞ்சாத்தானே போன் போட முடியும்?

வழக்கமா இதை எப்படிச் செய்வாங்க? ரெண்டு பட்டியலையும் பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வெச்சு, ஒருத்தர் படிக்க இன்னொருத்தர் டிக் அடிப்பாங்க. முன்னூறு பேருன்னா ஒரு மதியம் காலி. மூணு மணிக்கு மேல கண்ணு சொருகும்போது ஒரு பேரு தாண்டிப் போகும்.

டெர்மினல்ல இதுக்குன்னே ஒரு கட்டளை இருக்கு. 'காம்', சி-ஓ-எம்-எம். பொதுவானதுங்கற இங்கிலீஷ் சொல்லோட சுருக்கம். வரவேண்டியவங்களோட பதிவு எண்ணை வரிக்கு ஒண்ணா ஒரு ஃபைல்ல போடுங்க. ஃபைல் பேரைத் தமிழ்லயே வைக்கலாம், லினக்ஸும் மேக்கும் ஒண்ணும் சொல்லாது. 'வரணும்'னு வைங்க. வந்தவங்க எண்ணை 'வந்தாச்சு'ன்னு இன்னொரு ஃபைல்ல. 'சார்ட்', மைனஸ் யூ, 'வரணும்', பெரிது குறி, 'அ'. அதே மாதிரி 'சார்ட்', மைனஸ் யூ, 'வந்தாச்சு', பெரிது குறி, 'ஆ'. இப்போ 'காம்', மைனஸ் 23, 'அ', 'ஆ'. என்டர். திரையில வர்றவங்கதான் வராதவங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் போன் போட்டுடலாம்.

மைனஸ் 23-ன்னா? 'காம்' மூணு பத்தி காட்டும். முதல் ஃபைல்ல மட்டும் இருக்கறவங்க, ரெண்டாவதுல மட்டும் இருக்கறவங்க, ரெண்டுலயும் இருக்கறவங்க. 2-ம் 3-ம் வேண்டாம்னு சொல்றோம். மைனஸ் 13 போட்டுப் பாருங்க, பட்டியல்லயே இல்லாம வந்து மருந்து வாங்கினவங்க தெரிவாங்க. அதுவும் விசாரிக்க வேண்டிய சங்கதிதான்.

முதல் தடவை செய்யறப்போ பல பேருக்கு ஒண்ணு நடக்கும். முன்னூறு பேர்ல முன்னூறு பேரும் வரலைன்னு காட்டும். பதறாதீங்க. ஒரு ஃபைல் விண்டோஸ்ல சேமிச்சதா இருக்கும். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாத ரெண்டு குறி வைக்கும், லினக்ஸ் ஒண்ணுதான் வைக்கும். பழைய டைப்ரைட்டர்ல வண்டியைத் தள்ளறது ஒண்ணு, பேப்பரை ஏத்தறது ஒண்ணுன்னு ரெண்டு வேலை இருக்குமே, அந்த வழி வந்த பழக்கம். நம்ம கண்ணுக்கு ரெண்டு 457-ம் ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற. 'ஃபைல்'னு ஒரு கட்டளை இருக்கு, அதைப் போட்டுப் பாருங்க, பதில்ல 'சிஆர்எல்எஃப்'னு வந்தா இதுதான் வியாதி. மருந்து 'டாஸ்2யூனிக்ஸ்', டி-ஓ-எஸ்-2-யு-என்-ஐ-எக்ஸ். இதைத் தனியா இன்ஸ்டால் பண்ணணும். ஒரு தடவை போட்டா ஃபைல் சுத்தமாயிடும்.

பதிவு எண்ணுக்குப் பதிலா பேரை வெச்சு ஒப்பிடலாமான்னு கேட்பீங்க. வேண்டாம். ஒரே ஊர்ல நாலு முருகேசன் இருப்பாங்க என்பது ஒரு காரணம். தமிழ்ல எழுதின பேருன்னா இன்னொரு காரணமும் உண்டு, இது நிறைய பேருக்குத் தெரியாது. 'கோமதி'ன்னு எழுதறோம். யூனிகோட்ல அந்த ஓகாரக் குறியை ஒரே குறியாவும் சேமிக்கலாம், முன்னாடி ஒரு ஏகாரக் கொம்பு, பின்னாடி ஒரு கால்னு ரெண்டு குறியாவும் சேமிக்கலாம். திரையில ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனா தேடினா ஒண்ணு கிடைக்கும், இன்னொண்ணு கிடைக்காது. ஒரு கோமதி பட்டியல்ல இருந்தும் இல்லாதவங்க ஆயிடுவாங்க. தமிழ்ல தேடியே ஆகணும்னா முதல்ல 'யூகான்வ்', யு-சி-ஓ-என்-வி, மைனஸ் எக்ஸ், என்எஃப்சி, ஃபைல் பேருன்னு கொடுத்து, வர்றதைப் புது ஃபைல்ல பிடிச்சுக்குங்க. எல்லாக் குறியும் ஒரே வடிவத்துக்கு வந்துடும்.

தேடற கட்டளை 'கிரெப்', ஜி-ஆர்-இ-பி. 'கிரெப் காய்ச்சல் ஃபைல்பேரு' அவ்வளவுதான். மைனஸ் ஐ போட்டா இங்கிலீஷ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது. மைனஸ் வி போட்டா அந்தச் சொல் இல்லாத வரியைக் காட்டும். மைனஸ் சி போட்டா எத்தனை வரின்னு மட்டும் சொல்லும். ஒரு வேடிக்கை: 'காய்ச்சல்'ங்கறது நமக்கு அஞ்சு எழுத்து. யூனிகோட் கணக்குல ஒன்பது குறி. ஃபைல்ல 27 பைட். 'டபிள்யூசி' மைனஸ் சி போட்டு இது எத்தனை எழுத்துன்னு பார்த்தா தலை சுத்தும்.

இப்போ கை நடுங்க வேண்டிய இடம். மேல 'பெரிது குறி' சொன்னேனே, அது வெளியீட்டை ஃபைல்ல எழுதும். அந்தப் பேர்ல ஏற்கனவே ஃபைல் இருந்தா, கேட்காமலே அழிச்சுட்டு எழுதும். ரெண்டு பெரிது குறி போட்டா பழசுக்குக் கீழ சேர்க்கும். ஒரு குறி வித்தியாசத்துல ஆறு மாசப் பதிவு போயிடும். 'செட்', மைனஸ் ஓ, 'நோக்ளாபர்', என்-ஓ-சி-எல்-ஓ-பி-பி-இ-ஆர், இதை ஒரு தடவை தட்டி வெச்சுட்டா அந்த ஜன்னலை மூடற வரைக்கும் இருக்கற ஃபைல் மேல எழுத விடாது.

அதை விடப் பெரிய எமன் 'ஆர்எம்'. அழிக்கிற கட்டளை. இங்க ரீசைக்கிள் பின் கிடையாது. 1998-ல பிக்சார் கம்பெனியில 'டாய் ஸ்டோரி 2' எடுத்துக்கிட்டு இருந்தப்போ யாரோ இதைத் தப்பான இடத்துல ஓட்டிட்டாங்க. கண்ணு முன்னாடியே படத்தோட பெரும்பகுதி மறைஞ்சு போச்சு. சரி, பேக்கப் இருக்கேன்னு போனா, அது ஒழுங்கா வேலை செய்யல. அப்புறம் எப்படிப் படம் வந்துச்சு? கேலின் சூஸ்மன்னு ஒரு தொழில்நுட்ப இயக்குநர், அப்போதான் குழந்தை பிறந்திருந்ததால வீட்டுல இருந்து வேலை பார்த்தாங்க. வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு பிரதி இருந்துச்சு. அதைப் பத்திரமா கார்ல வெச்சுக் கொண்டு வந்தாங்க. படத்தைக் காப்பாத்தினது ஒரு மகப்பேறு விடுப்பு!

என் பழக்கம் இது. எதை அழிக்கணுமோ, அதுக்கு முதல்ல 'ஆர்எம்'க்குப் பதிலா 'எல்எஸ்' போடுவேன். அது பட்டியலை மட்டும் காட்டும். எதெல்லாம் போகப்போகுதுன்னு வாய் விட்டுப் படிப்பேன். சரின்னா மேல்நோக்கு அம்பை அழுத்தி, 'எல்எஸ்'ஸை மட்டும் 'ஆர்எம்'னு மாத்துவேன். தியேட்டர்ல கத்தி வைக்கறதுக்கு முன்னாடி 'டைம் அவுட்'னு ஒரு நிமிஷம் நிறுத்தி நோயாளி பேரு, எந்த ஆபரேஷன், எந்த இடம்னு எல்லாரும் உரக்கச் சொல்லுவோம். உலக சுகாதார நிறுவனம் 2008-ல கொண்டு வந்த செக்லிஸ்ட்ல இருக்கற சமாச்சாரம். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை எதுக்குச் சத்தமா சொல்லணும்னு ஆரம்பத்துல முணுமுணுத்தவங்கதான் இன்னைக்கு அது இல்லாம தொடங்கமாட்டேங்கறாங்க.

ஃபைல் பேர்ல இடைவெளி இருந்தா மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. இல்லைன்னா ஒரு ஃபைலை ரெண்டு ஃபைலா நினைச்சுக்கும். 'ஆர்எம்' போடும்போது அது என்ன பாடுபடுத்தும்னு நீங்களே கற்பனை பண்ணிக்குங்க.

அடுத்து ரகசியம். பிடிஎஃப் சேர்க்கணும்னு இணையத்துல தேடி, ஏதோ ஒரு வெப்சைட்ல நோயாளியோட ஸ்கேன் ரிப்போர்ட்டை ஏத்தறவங்க நிறைய பேர். நோயாளிகளும் செய்யறாங்க, ஆஸ்பத்திரிக்காரங்களும் செய்யறாங்க. ஹெச்ஐவி ரிப்போர்ட், கர்ப்ப ஸ்கேன், மனநல சிகிச்சைச் சீட்டு, எல்லாம் யாரோ ஒருத்தரோட சர்வருக்குப் போகுது. தேவையே இல்ல. 'பிடிஎஃப்யுனைட்'னு ஒரு கட்டளை, எல்லாம் சேர்த்து ஒரே சொல்லா எழுதணும். லினக்ஸ்ல 'பாப்ளர் யுடில்ஸ்' தொகுப்புல வரும். முதல் ஃபைல், ரெண்டாவது ஃபைல், கடைசியா புது ஃபைலுக்கு ஒரு பேரு. உங்க கம்ப்யூட்டரை விட்டு ஒரு பக்கம்கூட வெளிய போகாது. கடைசிப் பேரை மறந்துட்டா, உங்க கடைசி ரிப்போர்ட் மேலயே எழுதிடும். ஆகவே பிரதி எடுத்து வெச்சுட்டு ஆரம்பிங்க.

போட்டோவும் அப்படித்தான். தோல் நோயை செல்போன்ல படம் எடுத்தா, எந்த இடத்துல எடுத்ததுங்கறது படத்துக்குள்ளயே ஒட்டிக்கிட்டு இருக்கலாம். 'எக்ஸிஃப்டூல்', மைனஸ் 'ஆல்', சமம் குறி, ஒரு இடைவெளி, படத்தோட பேரு. எல்லாம் துடைச்சிடும். பழைய படத்தை 'ஒரிஜினல்'னு பேரு சேர்த்துப் பக்கத்துலயே வெச்சிருக்கும், அதை மாத்தி அனுப்பிடாதீங்க.

இன்னொரு பூனை. நீங்க தட்டற ஒவ்வொரு கட்டளையும் 'ஹிஸ்டரி'ல பதிவாகும். பெரிய வசதி. கண்ட்ரோலோட ஆர் அழுத்தி ரெண்டு எழுத்து தட்டினா போன மாசம் போட்ட நீளமான கட்டளைகூட வந்து நிக்கும். எனக்கு இது ஒண்ணு மட்டும் கத்துக்கொடுத்திருந்தாலே போதும்னு இருக்கும். ஆனா ஒரு நோயாளி பேரைப் போட்டு 'கிரெப்' பண்ணினா அந்தப் பேரும் அதுலயே தங்கிடும். அடுத்து உட்கார்றவர் மேல்நோக்கு அம்பை அழுத்தினா போதும். உபுண்டுல கட்டளைக்கு முன்னாடி ஒரு இடைவெளி விட்டுத் தட்டினா ஹிஸ்டரியில ஏறாது. மேக்ல அதுக்கு 'செட்ஆப்ட்', இடைவெளி, 'ஹிஸ்ட் இக்னோர் ஸ்பேஸ்'னு ஒரு தடவை சொல்லி வைக்கணும், அந்த மூணு சொல்லுக்கும் நடுவுல அடிக்கோடு.

மீதியெல்லாம் பழகப் பழக வரும். பாதிப் பேரு தட்டிட்டு 'டேப்' அழுத்துங்க, மிச்சத்தை அதுவே நிரப்பும். 'சிடி மைனஸ்' போட்டா முன்னாடி இருந்த ஃபோல்டருக்குத் திரும்பலாம். கண்ட்ரோல் ஏ வரியோட ஆரம்பத்துக்கு, கண்ட்ரோல் இ கடைசிக்கு.

எங்கயாவது மாட்டிக்கிட்டா முதல்ல கண்ட்ரோல் சி. அது கேட்கலைன்னா 'க்யூ'. அதுக்கும் அசையலைன்னா கண்ட்ரோல் டி. திரையில இடது ஓரமா வரிசையா அலைக்குறி மட்டும் தெரியுதுன்னா நீங்க 'விம்'முக்குள்ள விழுந்திருக்கீங்க. எஸ்கேப், முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். தட்டினது எதுவும் சேமிக்காம வெளிய வந்துடலாம்.